நீல நாற்காலி

மலாவியில் ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுக்கப் போன செந்தூரனுக்கு ஒரு செங்கல்லைத் தொடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. எங்கே போனாலும் பின்னாலேயே அந்த ஊர்க்காரி சிகோண்டி அக்கா தலையில் நீல பிளாஸ்டிக் நாற்காலியோடு வருவாள். அவன் மண்வெட்டியைப் பார்த்தாலே போதும், நாற்காலி இறங்கிவிடும். "உக்காரு தம்பி." "வேலை செய்யத்தானேக்கா வந்தேன்?" "விருந்தாளிய வேலை வாங்கினா பக்கத்து ஊர்ல காறித் துப்புவாங்க. உக்காரு." சுவர் எழும்பியது, அவன் உட்கார்ந்திருந்தான். கூரை ஏறியபோதும் உட்கார்ந்துதான் கைதட்டினான். கல்லூரியில் பெஞ்சைத் தேய்த்தவன் ஆப்பிரிக்கா போய் நாற்காலியைத் தேய்த்தான் என்றல்லவா கூடப் படித்த பயல்கள் ஓட்டுவார்கள்! "ஏதாவது ஒரு வேலை குடுங்கக்கா" என்று கடைசி வாரம் கெஞ்சியே விட்டான். சிகோண்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்குப் பார்ப்போம்." மறுநாள் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு நார்வேக்காரி, கையுறையை மாட்டிக்கொண்டே நேராக மண்வெட்டியை நோக்கி நடந்தாள். சிகோண்டி நாற்காலியைத் தூக்கிச் செந்தூரன் தலையில் வைத்தாள். "ஓடு, குனிஞ்சிடப் போறா!" செந்தூரன் ஓடினான். மண்வெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியை இறக்கி, மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்: "உக்காருங்க மேடம். பக்கத்து ஊர்ல எங்களைத்தான் காறித் துப்புவாங்க."