இருநூறு தேங்காய் சத்தியம்

"ஞாயித்துக்கிழமை நம்ம கேலரியில ஒரு ஈ கூட உட்காரக் கூடாது, கேட்டுதா?" என்றார் ஸ்ரீகண்டன்.

பழவங்காடி கணபதி கோவில் முன்னால் கரமனை எஃப்.சி. கால்பந்து டீமின் ரசிகர்கள் இருநூறு பேர், ஆளுக்கொரு தேங்காயோடு நின்றிருந்தார்கள். ஸ்ரீகண்டனுக்குச் சாலை பஜாரில் பாத்திரக்கடை. பதினோரு வருஷமாக ரசிகர் சங்கத் தலைவர். இந்தப் பதினோரு வருஷத்தில் ஊருக்குள் நடந்த ஒரு மேட்சையும் விட்டதில்லை. சொந்த மச்சினன் கல்யாணத்தில் பந்தியில் கூட உட்காராமல் ஸ்டேடியத்துக்கு ஓடிய மனுஷன்.

"அண்ணே, இந்த மேட்ச் ஜெயிச்சாத்தான் செமி ஃபைனல். அதைப் போயி..." என்று இழுத்தான் செயலாளர் யோசுவா.

"அதனாலதான் சொல்லுதேன். டி.வி.யில கேலரி காலியாத் தெரியணும். அப்பத்தான் மும்பையில இருக்கற ஓனருக்கு உறைக்கும். பச்சை ஜெர்சியை ஊதாவாக்கினான். ஏன்னு கேட்டா, சர்வேயில வந்துதாம். எவன்கிட்ட சர்வே எடுத்தான்? உன்கிட்ட எடுத்தானா?"

"இல்லண்ணே."

"என்கிட்டயும் இல்ல. செண்டை மேளம் கொண்டு வராதேன்னான். டிக்கெட்டு ஆப்புல மட்டும்தான்னான். நாமளும் ஆறு லெட்டர் எழுதினோம். ஆறுக்கும் ஒரே பதிலாக்கும், 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்'னு. போதும். பச்சை திரும்பி வர்ற வரைக்கும் நம்ம கேலரியில கால் வைக்க மாட்டோம், கணபதி மேல சத்தியம். மீறுறவனுக்குச் சங்கத்துல இடமில்ல. அது நானா இருந்தாலும் சரி."

தேங்காய்கள் சிதறின. சபைக்காரர்கள் யாராவது பார்த்துத் தொலைப்பார்களோ என்று யோசுவா மட்டும் தள்ளி நின்றான். அவனுடையதையும் சேர்த்து ஸ்ரீகண்டனே உடைத்தார். யோசுவா தன் பங்குக்கு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் விசில் அது. திருவனந்தபுரத்தில் வேறு யாருக்கும் வராது.

சனிக்கிழமை வரை ஸ்ரீகண்டன் சிங்கமாகத்தான் இருந்தார். ஞாயிறு காலை தோசை தொண்டைக்குள் இறங்கவில்லை. மத்தியானம் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தார். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. கணபதியிடம் சொன்னது நம்ம கேலரியைப் பற்றி. வெளியூர் டீமின் ரசிகர்களுக்கு ஒதுக்குகிற கேலரியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே.

"ஒரு ரிசப்ஷனுக்குப் போயிட்டு வாரேன்" என்று மனைவி நாகலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எதிர் டீமான வடகரை புளூஸின் நீல ஜெர்சி ஒன்று வாங்கினார். முகத்தில் பூசிக்கொள்ள நீலச் சாயம் தேடினால், இரண்டு கடையில் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது கடையில் கிடைத்தது. நெற்றியிலிருந்து தாடை வரை அப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

எதிரே சொந்தக் கேலரி துடைத்துவிட்ட மாதிரி காலி. பெருமையாகத்தான் இருந்தது. இந்தப் பக்கமோ நீலம் நிரம்பி வழிந்தது. அவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறார்கள், ஒரு முகம் பாக்கியில்லாமல் நீலம். கூச்சல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஓனர் ஒழுங்காக இருந்தால் ரசிகனும் இப்படி இருப்பான், நமக்கு வாய்த்தது அப்படி என்று நொந்துகொண்டார்.

"வடகரையோ?" பக்கத்து நீல முகம் தொண்டை கட்டின குரலில் கேட்டது.

"அதே, வடகர தன்னெ. நிங்ஙளோ?" ஸ்ரீகண்டன் மலையாளத்தில் மூக்கால் பேசினார்.

"ஞானும். வடகரையில எவிடெ?"

அவருக்கு வியர்த்துவிட்டது. "பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"ஓ. எனிக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கம் தன்னெ."

அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். இரு பக்கமும் கோல் இல்லை. கரமனையின் அஜீஷ், பூந்துறைப் பையன், இடது காலால் விட்டான் ஒன்று. பந்து வலைக்குள்.

"அஜீஷே, என் ராசா" என்று துள்ளி எழுந்துவிட்டார் ஸ்ரீகண்டன். எழுந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. உதை நிச்சயம். அது கூடப் பரவாயில்லை, எவனாவது போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டால் பதினோரு வருஷத் தலைவர் பதவி இன்றோடு தீர்ந்தது. மெதுவாக உட்காரப் போனார்.

காதருகே ஒரு விசில். கிழக்கேகோட்டை வரை கேட்கிற விசில்.

திரும்பினார். பக்கத்து நீல முகம் வாயில் இரண்டு விரலோடு அப்படியே நின்றது. அதற்கு அப்பாலும், பின்னாலும், மேல் வரிசைகளிலும் நீல ஜெர்சிகள் குதித்துக்கொண்டிருந்தன. மூலையில் நிஜ வடகரைக்காரர்கள் ஒரு பத்துப் பேர் மட்டும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, நம்ம கேலரியில நாம யாரும் கால் வைக்கல" என்றான் யோசுவா.

"வைக்கலைலே. சத்தியம் சத்தியமாத்தான் இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன்.

மறுநாள் பாத்திரக்கடைக்கு ஓனர் ஆபீஸிலிருந்து லெட்டர் வந்தது. முதல் முறையாக வேறு பதில். ஸ்ரீகண்டன் சங்கத்துக்காரர்களைக் கூட்டிவைத்துச் சத்தமாகப் படித்தார். "உங்கள் போராட்டத்தை மதித்து ஊதா ஜெர்சியைக் கைவிடுகிறோம்."

கடைக்குள் ஒரே கைதட்டல். அவருக்குக் கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. மீதியை யோசுவா வாங்கிப் படித்தான்.

"ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழிந்த ஒரே கேலரியைப் பார்த்து, இந்த ஊர் ரசிகர்களின் மனதைப் புரிந்துகொண்டோம். அடுத்த மேட்சிலிருந்து நமது ஜெர்சி நீலம்."