மணல்மேட்டுக் கார்

“இன்சூரன்சு கம்பெனிக்காரவுகளா? வாங்கய்யா, வாங்க.”

காரின் பின்கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்த பெண் கேட்டாள். அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தை. சேதுராமன் கக்கத்தில் இருந்த தோல்பையை இறுக்கிக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பக்கத்தில் நின்ற பழைய இரும்பு வியாபாரி சுஐபு எதையோ சொல்ல வாயெடுத்தார். சேதுராமன் பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

ராமேசுவரத்துக்குக் கிழக்கே, அந்த மணல்மேட்டில் கறுப்பு மோரிஸ் கார் சக்கரம் தெரியாமல் புதைந்து கிடந்தது. புயலில் மாட்டிய வண்டி. இனி எதற்கும் உதவாது என்று எழுதி, இன்சூரன்சு பணமும் பட்டுவாடா ஆகிவிட்டது; மிச்ச இரும்பு சொந்தக்காரருக்கே விடப்பட்டிருந்தது. பாம்பன் பாலம் சரியாகி ரயில் ஓடத் தொடங்கியதும், வண்டியை வெட்டி அள்ளிப்போக இன்றுதான் ஆட்களோடு வந்திருந்தார்கள்.

அதற்குள் ஒரு குடும்பம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடி இல்லாத சன்னலில் சேலைத்துணி தொங்கியது. பானெட்டின்மேல் சாளைக் கருவாடு காய்ந்தது. ஸ்டியரிங்கில் குழந்தையின் பாவாடை.

சுஐபு வண்டியைச் சுற்றி வந்து டிக்கியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“அது தொறக்காதுங்க. நானும் எத்தனையோ நாளு மல்லுக்கட்டிப் பாத்துட்டேன்” என்றாள் அவள்.

சேதுராமன் ஏதோ நினைவில் மூடியின் இடது ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, கைப்பிடியைத் திருகினார். டிக்கி திறந்துகொண்டது. உள்ளே மணலும் ஒரு உதிரிச் சக்கரமும் இருந்தன.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுப்பிலிருந்து கடுங்காப்பியை இறக்கி, ஆளுக்கு ஒரு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எப்படிம்மா இதுக்குள்ள வந்து சேந்தே?”

“எம்பேரு மீனம்மாள்யா. எங்க குடிசை அங்கன இருந்துச்சு” என்று கையை நீட்டினாள். அவள் காட்டிய இடத்தில் கடல்தான் இருந்தது.

“புயலன்னைக்கு ஊருக்குள்ள தண்ணி ஏறவும், நானும் எம்புருசன் வீரையாவும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த மேட்டுக்கு ஓடியாந்தோம். இந்தக் காரு சக்கரம் பொதைஞ்சு நின்னுச்சு. காருக்காரரு எறங்குனாரு, இருட்டுல மொகம் தெரியலை. ‘அய்யா, பிள்ளைய மட்டும் உள்ள விடுங்க’ன்னு ரெண்டு பேரும் கத்துனோம். அவரு கதவைப் பூட்டிட்டுக் கோயில் பக்கமா ஓடிட்டாரு.”

“அந்தக் காத்துல காதுல விழுந்திருக்காது” என்றார் சேதுராமன் சட்டென்று.

“இருக்கும்யா. எம்புருசன் வெறுங்கையாலயே கண்ணாடியக் குத்தி ஒடைச்சாரு. என்னையும் பிள்ளையையும் உள்ள தள்ளுனாரு. அவரு ஏறுறதுக்குள்ள அலை வந்துருச்சு.”

சுஐபு “இன்னாலில்லாஹி” என்று முணுமுணுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேதுராமனின் காப்பி தளும்பி வேட்டியில் சிந்தியது. அதைத் துடைக்கிற சாக்கில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“சீட்டு மேல மண்டி போட்டு, விடியிற மட்டும் பிள்ளையக் காருக் கூரையோட ஒட்டத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். இந்தக் காரு இல்லாட்டி நாங்களும் இல்லை. அதான் இதை விட்டுப் போக மனசு வரலை.” அவள் கடப்பாரையோடு நின்ற ஆட்களைப் பார்த்தாள். “இன்னைக்கே எடுத்துட்டுப் போறீகளாய்யா?”

காது மடல் வரை சுட்டது சேதுராமனுக்கு. அந்தக் குழந்தை அவருடைய பையின் வாரைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதன் முகத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

“வேண்டாம்” என்றார். ஆட்கள் பக்கம் திரும்பி, “சுஐபு பாய், ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. வண்டி இங்கனயே இருக்கட்டும். இனிமே உன்னைய யாரும் வந்து ஒண்ணும் கேக்க மாட்டாகம்மா” என்றார்.

சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அது லேசானதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மீனம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சேதுராமன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மணலில் கால் புதையப் புதைய வேகமாக நடந்தார்.

“அய்யா, ஒரு நிமிசம்!”

குழந்தையோடு பின்னாலேயே வந்து அவர் முன்னால் நின்றாள்.

“அந்தக் காருக்காரருக்கு ஒரு சேதி சொல்லணும்யா. மணல்ல பொதைஞ்ச வண்டிய அந்தப் புயல்ல எவன் தூக்கிட்டுப் போயிருப்பான்? பூட்டாமப் போயிருந்தா எம்புருசன் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாரு. பணம் காசு எதுவும் வேண்டாம். இதை மட்டும் அவரு தெரிஞ்சுக்கிடணும்.”

சேதுராமன் தோல்பையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“பாத்தா… சொல்லிடுறேம்மா.”

மீனம்மாள் அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“அதான் சொல்லிட்டேனேய்யா.”