நகரியிலிருந்து வந்த ஹெரால்ட்

அப்பாவின் பழைய ஹெரால்ட் காருக்கு ஓராண்டாகத் தேடியும் கிடைக்காத இன்ஜின் பாகங்கள் மூன்றே நாளில் வந்துவிட்டன. ஞாயிறன்று தங்கையை மணப்பெண்ணாக அந்தக் காரில்தான் சர்ச்சுக்கு அழைத்துப்போக வேண்டும். ஆனாலும் ப்ளெஸ்ஸிக்குச் சந்தேகம் தீரவில்லை. வந்த ஒவ்வொரு பாகமும் தொட்டால் சுட்டது.

“திருட்டுச் சாமானாண்ணா? கல்யாணத்தன்னிக்கு போலீஸ் வந்து நின்னா எங்க மானம் போயிடும்.”

“முருகன் மேல சத்தியமா இல்லமா,” என்றார் மெக்கானிக் பூபாலன். “நகரியிலருந்து ஒருத்தர் தினம் வர்றாரு. அவரும் ஹெரால்ட்லதான் வர்றாரு. அதுலருந்தே கழட்டிக் குடுக்கறாரு.”

“நேத்து நாலு பிஸ்டனையும் குடுத்துட்டாரே. அப்புறம் அந்த வண்டிய எப்படி இழுத்துகினு போனாரு?”

பூபாலன் கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

“இழுக்கலமா. ஓட்டிகினுதான் போனாரு.”