பன்னிரண்டு பங்கு அகலம்

வலைப்பக்க அட்டவணை ஒன்றில் பெயர், ஊர், குறிப்பு என்று மூன்று நெடுவரிசைகள் இருந்தன. மொத்த அகலம் பன்னிரண்டு பங்கு. பெயருக்கு நான்கு, ஊருக்கு இரண்டு. ஒரு எழுத்துகூட இல்லாத குறிப்புக்கு ஆறு.

தேனி, ஆரணி வரைக்கும் ஊருக்குக் கவலையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஏறியதும் விலா நெரிந்தது.

"அண்ணே, உடைஞ்சிடுவேன் போலிருக்கு. ஒரு பங்கு தள்ளிக்குங்க," என்று குறிப்பைப் பார்த்துக் கெஞ்சியது ஊர்.

"காலியா கெடந்தாலும் என் இடம் என் இடந்தான்," என்றது குறிப்பு.

அந்நேரம் யாரோ பக்கத்தைக் கைபேசியில் திறந்தார்கள். இரு பக்கச் சுவர்களும் நெருங்கி வந்தன. சின்னத் திரையில் முதலில் மறைவது காலியான நெடுவரிசைதான். "என் இட..." என்பதோடு குறிப்பைக் காணவில்லை.

ஊருக்கு மூச்சு வந்தது. பெயர் மெல்லத் திரும்பி, "தம்பி, கொஞ்சம்..." என்றது.

"எவ்வளவு வேணும்ணே?" என்றது ஊர். அதற்குள் பாதி ஒதுங்கியிருந்தது.