முன் இருக்கை

செல்வின் இறந்த ஐம்பதாம் நாள் நண்பர்கள் லடாக் கிளம்பினார்கள். வண்டியின் முன் இருக்கையில் அவன் படத்தை வைத்து பெல்ட் மாட்டியிருந்தார்கள். அவர்களில் இளையவனான கிறிஸ்துதாஸ் பயணத்துக்கான வரைபடம் கேட்டு செல்வின் வீட்டுக்குள் வந்தான்.

“அண்ணன் மூணு வருசமா போட்ட பிளான்லா, மதினி.”

“அப்போ நான்?” என்றாள் செல்வின் மனைவி ரோஸ்லின்.

“அந்தக் குளிரு உங்களுக்குத் தாங்காது.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே டீசல் கிடைக்கும், எந்தக் கணவாய் எப்போது திறக்கும், எல்லாம் அவள் எழுதி வைத்தது.

“உங்க அண்ணனுக்கு மேப்ப நேராப் பிடிக்கவே தெரியாது. படத்துக்கு சீட்டு உண்டு, எனக்கு இல்லையோ?”

வரைபடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வண்டிக்குப் போய் பெல்ட்டைக் கழற்றினாள். படத்தை மடியில் வைத்து உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்து மாட்டினாள். கிறிஸ்துதாஸ் சாவியோடு வெளியே நின்றான். அவள் வரைபடத்தை விரித்தாள்.

“இப்ப எடுத்தாத்தான் மதுரையில காப்பி.”