கோட்டைக்குள் மூன்று பேர்

குழியை வெட்டி, மேலே கம்பளத்தை விரித்துவிட்டுத்தான் மாஸ்டர் கதவைத் திறந்தார். சாக வேண்டிய மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"லிஃப்ட் மறுபடி நின்னு போச்சுடா. லிஃப்ட் மெக்கானிக் நீ குடியிருக்கிற கட்டடம், வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"பார்க்கணும்" என்றார் மாஸ்டர். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான்.

குழி இருந்தது லேப்டாப்பில். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு அது. கோட்டையைக் கட்டி ஆபத்துகளை ஒளித்துவைப்பவர் மாஸ்டர். உள்ளே போய்ப் பகடை உருட்டிப் பிழைத்து வர வேண்டியவர்கள், தலைமையாசிரியையான அக்கா, பள்ளியில் மாஸ்டரோடு படித்த பல் டாக்டர், கீழ்வீட்டு பஸ் டிரைவர்.

கோட்டையின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு செயலியில் ஒரு பக்கம் உண்டு. மற்றவர்கள் பார்க்கலாம் என்று விட்டது அவர்கள் போனில் தெரியும். ரகசியப் பக்கங்கள் பூட்டியிருக்கும், மாஸ்டரோடு சரி. அந்தச் செயலியைத் தேடிப் பிடித்தது அவருடைய மனைவி. எழுதுவதோடு இவர் வேலை முடிந்தது. மிச்சத்தையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். இவர் அழுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவரும் காத்திருந்தார். வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

விடாமல் செய்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றைத்தான். கதையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்று பட்டது, அவ்வளவுதான். யாரும் பார்க்காத இடமாயிற்றே என்று, கடைசிப் பக்கத்தில் தன் முடிவையும் எழுதி வைத்திருந்தார்: 'வடக்கு வாசல் திறந்தால் கதை முடிந்தது. அன்றைக்கே நானும் அவளிடம் போய்விடுவேன்.'

ஆனால் இவர்கள் திறந்தால்தானே. சாவியைக் கையில் கொடுத்தாயிற்று, கதவுக்கடியில் வெளிச்சம் காட்டியாயிற்று, ஒரு கிளியைப் பேசவைத்து வழியும் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடத்து டைம்டேபிள் முழுவதையும் மனதுக்குள்ளேயே போட்டுவிடுகிற அக்காவுக்கு, ஒரு சாவி எதற்கென்று புரியவில்லையாம்.

மற்ற நாட்களிலும் விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. காலையில் டிரைவர் ஸ்க்ரூடிரைவர் கேட்டு மேலே வந்துவிடுவார், சாயங்காலம் அக்கா ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் போன் செய்வாள். மாஸ்டருக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் நேற்று குழி வெட்டினார். மூன்று பேரும் விழுந்து செத்தாலும் கதை முடிந்ததுதான்.

"கூடத்துக்குள்ள வந்துட்டீங்க. எதிர்ல வடக்கு வாசல். நடுவுல ஒரு சிவப்புக் கம்பளம். என்ன பண்றீங்க?"

"கிணத்துல மீன் பிடிக்கப் போறேன்" என்றார் பல் டாக்டர்.

"போன வாரமும் மீன்தான் பிடிச்சே."

"அது பொடி மீன்டா."

"நான் குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன், மாஸ்டர்" என்றார் டிரைவர். "பாவம், வாயில்லா ஜீவன்."

"கிணறும் சரி, லாயமும் சரி, இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் இருக்கு. கம்பளத்து மேல நடந்துதான் போகணும்."

டிரைவர் பகடையைத் தொடவில்லை. "அப்போ சுவரோரமா ஒட்டிக்கிட்டே போயிடறேன்."

"நானும் ஓரமாவே வரேன்" என்றார் பல் டாக்டர். அக்காவும் தலையாட்டினாள்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். இதே கோட்டையில் எத்தனையோ கம்பளங்களின் மேல் ராஜநடை போட்டவர்கள் இவர்கள்.

"மூணு பேரும் ஏன் ஓரமா போறீங்க?"

டிரைவர் தன் போனை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பல் டாக்டர் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கறேன். குழி இருக்கறது எனக்கு மட்டும்தானே தெரியும். அந்தப் பேஜ் பூட்டியிருக்கே."

"யாருடா பூட்டினது?"

மாஸ்டர் லேப்டாப்பைப் பார்த்தார். எழுதியது நினைவிருந்தது, பூட்டியது நினைவில்லை. எழுதி முடித்ததும் மனைவிதான் அதைத் தன் பக்கம் இழுத்துவைத்து ஏதோ தட்டிக்கொண்டிருப்பாள். அவர் எழுந்து டீ போடப் போய்விடுவார்.

அக்கா எழுந்து வந்து, அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ போனதுலேர்ந்து நீ எழுதற எல்லாமே எங்க போன்ல வருதுடா. கடைசிப் பேஜும் வந்துச்சு."

மாஸ்டரின் கை பகடையைத் தேடியது. அக்கா அதை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அந்த வாசலை நாங்க திறக்கறதா இல்ல."