‘பின்னல்’ பேட்ஜ்

‘விலைமதிப்பில்லாதது’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழேயே ‘எண்பதாயிரம்’ என்று விலையும் போட்டிருந்தார் பழைய இசைத்தட்டுக் கடைக்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு தகர பேட்ஜ்.

விளம்பரம் பார்த்து வந்திருந்த பெரியவர் பெட்டிமேல் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

‘முற்றிப்போன ரசிகர்’ என்று கடைக்காரர் மனசுக்குள் எடை போட்டுவிட்டார். இன்றைக்கு இது விற்றால் கடை வாடகை கட்டலாம். விற்காவிட்டால் நாளை முதல் இங்கே தன் தம்பி செருப்புக் கடை வைப்பான் என்று மனைவி கெடு வைத்திருந்தாள்.

“மின்னல் குழு முதல் தடவை ஊர் ஊரா பாடக் கிளம்பினப்ப அடிச்சது சார். மின்னல்னு விழவேண்டியது பின்னல்னு விழுந்துடுச்சு. அந்த ஒரு எழுத்துக்குத்தான் இந்த விலை.”

“பிழைக்கா விலை?”

“பின்னே? மெய்ப்புத் திருத்தினவன் தூங்கி வழிஞ்சிருக்கான். அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்!”

“தூங்கியிருக்க மாட்டான். காய்ச்சலா இருந்திருக்கும்” என்றார் பெரியவர், கொஞ்சம் சூடாகவே. “முப்பது தர்றேன்.”

“கத்திரிக்காயா சார் வாங்குறீங்க? உங்க முகத்துக்காக எழுபத்தொன்பது.”

“என் முகத்துக்கு ஆயிரம்தானா?”

இழுத்துப் பறித்து அறுபதில் வந்து நின்றது. பெரியவர் நோட்டுக்கட்டை மேசைமேல் வைத்தார், அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார். மறு கையால் பேட்ஜைத் திருப்பினார். பின்பக்க ஊசி பளபளத்தது.

“நாப்பது வருஷத்துல துருகூட ஏறலையே?”

“கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினேன் சார். அவங்க மேடையேறின அன்னிக்கு வாசல்ல நின்னு என் கையால வாங்கினது. உலகம் பூரா தேடினாலும் இன்னொண்ணு சிக்காது. அடிச்சதெல்லாம் எந்தப் பொந்துல போய் ஒளிஞ்சுதோ!”

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கா?”

“காய்ச்சலோட மெய்ப்புத் திருத்தினவன் நான்தான் தம்பி. ஊரே சிரிச்சுது. என் மாமியார் வாய்விட்டே சிரிச்சாங்க. நாப்பது வருஷமா வீடு வீடா படி ஏறி இறங்கி, ஒவ்வொண்ணா வாங்கி உருக்கினேன். போன மாசம்தான் கடைசி ஒண்ணையும் உருக்கிட்டு நிம்மதியா மூச்சு விட்டேன். உங்க விளம்பரத்தைப் பார்த்ததும், எண்ணிக்கையிலயும் கோட்டை விட்டுட்டேனோன்னு ஆடிப்போயிட்டேன்.”

நோட்டுக்கட்டை நோக்கி நீண்ட கடைக்காரரின் கை பாதி வழியில் நின்றது. பெரியவர் கட்டை எடுத்து நிதானமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அடிச்சது ஐந்நூறு, உருக்கினது ஐந்நூறு. இது யாரு பெத்த பிள்ளை?”